ஏழாம் பாட்டுக்கு விட்ட இடம்

சம்பந்தர் தேவாரத்தை அச்சுப் புத்தகம் பார்த்து ஓதிப் பழகியவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு கண்ணில் பட்டிருக்கும். ஆறாம் பாட்டு முடிகிறது. அடுத்து வருவது எட்டாம் பாட்டு. நடுவில், ஏழாம் செய்யுள் சிதைந்துபோயிற்று என்று சொல்லும் ஒற்றை வரி. சின்ன வயதில் அதைத் தாண்டிப் போய்விடுவேன். இப்போதெல்லாம் அங்கேயேதான் நின்றுவிடுகிறேன். தொலைந்தது ஏழாம் பாட்டுத்தான் என்று எப்படித் தெரிந்தது? ஒரு பதிகத்தில் மட்டுமா, இன்னொன்றிலும் மற்றொன்றிலும் அதே ஏழாம் எண்தான் காலியாக இருக்கிறது. ஏட்டை அரித்த செல்லுக்கு எண்ணா தெரியும்?

இந்தக் கேள்வியில் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு கம்ப்யூட்டர் வேலை. எங்கள் தெருக் கோயிலில் திருவாதிரைக்கு ஒரு பதிகப் புத்தகம் போட முடிவாயிற்று. பாட்டுகளை வெறும் எழுத்துக் கோப்பாகத் தட்டி வைத்திருந்தேன். தலைப்புக்கு முன் ஒரு குறி, பாட்டுக்கு எண், அடிக்கு ஒரு வரி. அலங்காரம் ஒன்றும் இல்லை. அதன் ஒரு பிரதியைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு அனுப்பினேன். இன்னொரு பிரதியைக் கும்பகோணத்தில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். ஐயா எழுத்துப்பிழை நான்கைத் திருத்தினார். பிள்ளைகள் திக்காமல் படிக்கட்டும் என்று அக்கா எல்லா அடிகளையும் பதம் பிரித்துப் போட்டாள். இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி நிரலிடம் கொடுத்தேன். முதலில் கொடுத்த பதிகத்தில் பதினொரு பாட்டு, நாற்பத்து நான்கு அடி. அக்கா தொடாத அடியே இல்லை. ஐயா கை வைத்த நான்கு அடியில் மோதல் என்று சொல்லி, இரண்டு வடிவத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி வைத்தது நிரல். ஒருவர் மாற்றியது எழுத்தை. மற்றவர் மாற்றியது இடைவெளியை. இரண்டுக்கும் பகையே இல்லை. ஆனால் அந்த நிரலுக்குத் தெரிந்த ஒரே அலகு வரி. வரிக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

ஐயாவிடம் போய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தவர், “வரியை ஏன் தம்பி பாக்குறீங்க? பாட்டு வரியிலயா இருக்கு? சீரைப் பாருங்க” என்றார்.

மென்பொருள் உலகம் சுற்றிச் சுற்றி இப்போது வந்துகொண்டிருக்கும் இடமும் அதுதான். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட், உலகமெங்கும் நிரல் எழுதுபவர்கள் தங்கள் பிரதிகளை ஒன்றுசேர்க்கப் பயன்படுத்துவது. அது இயல்பாக வரிக்கு வரிதான் ஒப்பிடும். அதற்கு மேலே ஒரு படி, ஆவணத்தை அதன் இலக்கணப்படி மரமாகப் பிரிப்பது: நூலுக்குள் இயல், இயலுக்குள் பத்தி, பத்திக்குள் பட்டியல், பட்டியலுக்குள் உருப்படி. கிளைக்குக் கிளை ஒப்பிட்டால் எந்தத் திருத்தம் எந்தக் கிளையில் விழுந்தது என்று தெரிந்துவிடும். வேறு வேறு கிளையில் விழுந்தவை தாமாகச் சேரும். ஒரே கிளையில் இருவர் கைவைத்தால் மட்டும் மனிதனைக் கேட்க வேண்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது காவிரிக்கரை ஏடுகளும், அவற்றை ஒப்புநோக்கியவர்களும்.

ஓலை ஏட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தஞ்சை சரசுவதி மகாலிலோ, தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஓலைச்சுவடித் துறையிலோ ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இந்த முனையில் தொடங்கிய எழுத்து அந்த முனை வரை மூச்சுவிடாமல் ஓடும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. அடி முடிந்தால் அடுத்த வரிக்குப் போவதும் இல்லை. ஏட்டின் வரி ஓலையின் நீளத்தால் முடிகிறது, பாட்டின் அடி யாப்பால் முடிகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு சாண் ஓலையில் எழுதியவருக்கு ஓரிடத்தில் வரி முறியும். ஒரு முழ ஓலையில் எழுதியவருக்கு வேறிடத்தில் முறியும். வரிக்கு வரி ஒப்பிடுகிறவன் முதல் வரியிலேயே திணறிப் போவான். புள்ளியும் கிடையாது. குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் ஒரே வடிவம். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் கொம்பைச் சுழித்து நெடிலை வேறுபடுத்தினார். அதற்கு முந்திய வழக்கில் ‘கொடு’வும் ‘கோடு’வும் ஒன்றுதான். ரகரத்துக்கும் காலுக்கும்கூட ஒரே கோடு. அதனால் ‘பரவை’யும் ‘பாவை’யும் ஏட்டில் இரட்டைப் பிள்ளைகள். திருவாரூரில் சுந்தரர் மணந்த பரவையை ஒரு கீறலில் பாவையாகப் படித்துவிடலாம். புள்ளியும் இடைவெளியும் இல்லாத இத்தனை வெறுமையான எழுத்துக் கோப்பு வேறு எங்கும் இருக்குமா, தெரியாது.

ஆனால் அந்த வெறுமைக்குள் ஒரு மரம் ஒளிந்திருக்கிறது. எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி, அடி சேர்ந்து பாட்டு. சீருக்கும் சீருக்கும் நடுவே தளை. அடிக்கும் அடிக்கும் நடுவே எதுகை. இந்த மரத்தை வெளியிலிருந்து யாரும் குறி போட்டுக் காட்ட வேண்டியதில்லை. உரக்கப் படித்தாலே அது எழுந்து நிற்கும்.

எத்தனை நுட்பமாக நிற்கும் என்பதைக் கட்டளைக் கலித்துறையில் பாருங்கள். திருக்கடையூர் அபிராமி அந்தாதி இந்த யாப்பு. டெல்டாவில் பல வீடுகளில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது இதைக் கேட்கலாம். அடிக்கு ஐந்து சீர். ஒற்றெழுத்தை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு. கூடாது, குறையாது. இப்போது, இந்த யாப்பில் அமைந்த ஏதோ ஒரு பாட்டின் அடி, ஏட்டில் ‘கொடு’ என்றோ ‘கோடு’ என்றோ படிக்கும்படி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீறலை உற்றுப் பார்த்துப் பயனில்லை. அடியின் மறுகோடி வரை எண்ணிக்கொண்டு போங்கள். மொத்தம் பதினேழு வந்தால் முதல் அசை நிரை, அது ‘கொடு’. பதினாறு வந்தால் நேர், அது ‘கோடு’. ஓரெழுத்தின் குறிலும் நெடிலும் அந்த அடியின் கடைசி எழுத்து வரை பரவி நிற்கின்றன. இன்றைக்குக் கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்கக் கடைசியில் ஒரு கூட்டுத்தொகை சேர்த்து அனுப்புகிறார்கள். நம் புலவர்கள் அதைத் தனியாகச் சேர்க்கவில்லை. பாட்டையே கூட்டுத்தொகையாகக் கட்டினார்கள்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். அதே அடி ‘பரவை’ என்றோ ‘பாவை’ என்றோ தொடங்கினால் என்ன ஆகும்? பரவை நிரையில் தொடங்குகிறது, மொத்தம் பதினேழு, தன் மூன்றெழுத்து போக மீதி பதினான்கு. பாவை நேரில் தொடங்குகிறது, மொத்தம் பதினாறு, தன் இரண்டெழுத்து போக மீதி அதே பதினான்கு. எண்ணிக்கை கைவிட்டுவிட்டது. முதல்முறை இதைக் கண்டபோது ஒரு மாலை முழுவதும் காகிதமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் எதுகை நினைவுக்கு வந்தது. மற்ற மூன்று அடிகளின் இரண்டாம் எழுத்தைப் பார்த்தால் போதும். அங்கெல்லாம் ரகரம் நின்றால் பரவை, வகரம் நின்றால் பாவை. அதோடு, எதுகை நிற்கும் அடிகளில் முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ஒரு பூட்டு திறக்காத இடத்தில் இன்னொரு சாவி. அடிக்குள்ளே கிடைக்காத விடை அடிகளுக்கு இடையே கிடைக்கிறது, மரத்தில் ஒரு படி மேலே ஏறிப் பார்த்ததால்.

ஏடுகளை அப்படி ஒப்புநோக்கிய உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு வந்தார். 1903 வரை அங்கேயே இருந்தார். சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அந்தக் காலத்தில்தான் வெளிவந்தன. ஒருவர் படிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பிரதியைப் பிடித்துக்கொண்டு ஒப்பிட, வேறுபாடு வரும் இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்வது வேலை முறை. அந்த நாட்களின் அனுபவம் ஒன்றை அவர் ‘உதிர்ந்த மலர்கள்’ என்று தலைப்பிட்டு எழுதியிருக்கிறார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை அடுக்கிக்கொண்டே போகும் இடம் எல்லாருக்கும் தெரியும். ஏடுகளில் அந்த வரிசையில் சில பூக்கள் உதிர்ந்திருந்தன. தருமபுர மடத்து ஏட்டில்தான் அவை கிடைத்தன: உந்தூழ், மணிச்சிகை, தேமா.

எந்தப் பூ எங்கே நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். மூன்றும் செங்கொடுவேரிக்கும் கூவிளத்துக்கும் நடுவே, இரண்டு அடிகளில் பரவிக் கிடக்கின்றன. அந்த நடுப்பகுதியில் மொத்தம் ஐந்து சீர். குறிஞ்சிப்பாட்டின் யாப்பான அகவலில் அடிக்கு நான்கு சீர். நடுப்பகுதியை எடுத்துவிட்டு இருபுறத்தையும் ஒட்டினால் செங்கொடுவேரிக்கு இரண்டு சீரும் கூவிளத்துக்கு ஒரு சீருமாக மூன்றே சீரில் ஓர் அடி முடமாக நிற்கும். பூக்களின் பெயர்ப் பட்டியல் என்று மட்டும் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஒரு பூவுக்கு அடுத்து இன்னொரு பூ, அவ்வளவுதான். பட்டியலில் எது விட்டுப்போனது என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. சீரை எண்ணினால்தான் இங்கே ஏதோ உதிர்ந்திருக்கிறது என்று தெரியும். ஐந்து சீருக்குப் பதில் நான்கே சீர் அளவுக்கு உதிர்ந்திருந்தால்? முழு அடியொன்று சத்தமில்லாமல் போயிருக்கும், எண்ணிக்கை எதையும் காட்டிக்கொடுத்திருக்காது. ஐந்தாவது சீர் ஒன்று கூடப் போனதால்தான் தடயம் நின்றது. இதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்த இடத்திலேயே இன்னொரு அழகு. யாப்பு படிக்கிறவன் முதலில் மனப்பாடம் செய்யும் வாய்பாடுகள் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். உதிர்ந்த பூக்களில் ஒன்று தேமா. உதிர்ந்த இடத்தின் மறுகரையில் நிற்பது கூவிளம். இரண்டும் பூவாகவும் இருக்கின்றன, தம் சீரின் பெயராகவும் இருக்கின்றன. தேமா என்ற பூ அங்கே தேமாச் சீர். கூவிளம் என்ற பூ அங்கே கூவிளச் சீர். மரம், செடிகளின் பெயரையே சீருக்கு வாய்பாடாக வைத்த மரபில் கபிலர் அடுக்கிய பூக்கள் அளவுகோலையும் ஏந்திக்கொண்டு நிற்கின்றன.

உந்தூழுக்கு வேறொரு கதை. முன்சொல்லின் கடைசி எழுத்து அதோடு புணர்ந்து, சீராகப் பிரிக்கும்போது அது ‘துந்தூழ்’ என்று நிற்கும். ஏட்டில் பூவின் பெயரைத் தேடுகிறவனுக்கு அந்தப் பெயரின் தலை வேறொரு எழுத்துக்குள் புதைந்திருக்கும். இதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் வகையுளி: பொருளுக்காகச் சொல்லைப் பிரித்தால் ஓரிடத்தில் வெட்டு, ஓசைக்காகச் சீரைப் பிரித்தால் வேறிடத்தில் வெட்டு. ஒரே எழுத்தோட்டத்தின் மேல் இரண்டு மரங்கள், கிளைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு. நூல்களைக் கணினிக்குள் குறியிட்டு ஏற்றும் அறிஞர்களை மேலை நாடுகளிலும் நெடுநாள் படுத்திய சிக்கல் இதுதான். ஒரு மரத்துக்குள் ஒழுங்காக அடங்காததை எப்படி எழுதிவைப்பது என்று. எங்கள் வீட்டில் அக்கா வளர்த்தது சொல் மரம். ஐயாவின் கண்ணில் இருந்தது சீர் மரம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படரவிட்டு, எழுத்துகளை மட்டும் பொதுவாக வைத்து இணைத்தபோது, நான்கு அடியில் விழுந்த மோதலும் இல்லாமல் போயிற்று.

கிளை இடம் மாறுவதும் ஒரு விஷயம். தேவாரத்துக்கு இரண்டு அடைவு உண்டு. பண்முறையில் பதிகங்கள் பண்ணால் அடுக்கப்பட்டிருக்கும். தலமுறையில் ஊரால். இந்த இரண்டு ஏட்டையும் தலையிலிருந்து வால் வரை வரிசையாக ஒப்பிட்டால், எல்லாமே அழிக்கப்பட்டு எல்லாமே புதிதாக எழுதப்பட்டதாகத் தோன்றும். பதிகத்தை ஒரு கிளையாகப் பிடித்துக்கொண்டு பார்த்தால் ஓரெழுத்தும் மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அடி அளவிலும் இதற்கு இடம் வைத்தார் நன்னூலார். பொருள்கோள் எட்டில் ஆற்றுநீர் ஒன்று: மேலிருந்து கீழாக, வெண்ணாற்றில் தண்ணீர் போவதுபோலப் பொருள் நேராகப் போகும், வரிசையைக் குலைக்கக் கூடாது. அடிமறிமாற்று இன்னொன்று: எந்த அடியை எங்கே வைத்தாலும் பொருளும் ஓசையும் கெடாது. இணைப்பு நிரல் எழுதுகிறவர்கள் இன்றும் ஒவ்வொரு கிளையைப் பார்த்தும் கேட்கும் கேள்வி இது, இதன் பிள்ளைகளுக்கு வரிசை முக்கியமா இல்லையா என்று. நம்மவர்கள் அந்தக் கேள்விக்குப் பெயர் சூட்டி இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒன்றில் மட்டும் ஏடு பார்த்தவர்களின் பாடு நம்மைவிடக் கடினம். கிட் இணைக்கும்போது உன் பிரதி, என் பிரதி, இரண்டுக்கும் பொதுவான பழைய மூலம் என்று மூன்றும் கையில் இருக்கும். யார் எதை மாற்றினார் என்று மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். ஏட்டுக்காரருக்கு மூலம் கிடையாது, பேரப்பிள்ளைகள்தான் உண்டு. பாட்டனின் முகத்தைப் பேரப்பிள்ளைகளை வைத்து ஊகிக்க வேண்டும். அப்போது கைகொடுத்தவர்கள் உரையாசிரியர்கள். நச்சினார்க்கினியர் ஒரு சொல்லை எடுத்துப் பொருள் சொல்லிவிட்டால், அவர் காலத்து ஏட்டில் அந்தச் சொல் இருந்தது என்பதற்கு அது சாட்சி. உரை, மூலத்தின் நிழலாக நின்று மூன்றாம் பிரதியின் வேலையைச் செய்தது.

எல்லாச் சாவியும் போட்டுப் பார்த்தும் இரண்டு பாடமும் யாப்பில் அமைந்து, இரண்டும் பொருள் தந்து நின்றால்? சாமிநாதையர் ஒன்றை மேலே வைத்து மற்றதை அடிக்குறிப்பில் வைத்தார். பாடபேதம் என்ற அந்தச் சிறிய எழுத்துப் பகுதியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அவருடைய பதிப்பில் மிகவும் பிடித்த இடம் அதுதான். தனக்குப் பின்னால் வருகிறவன் தன்னைவிட நன்றாகத் தெரிந்தவனாக இருக்கலாம் என்று அவனுக்காக வைத்துவிட்டுப் போன சோறு அது.

மரம் காட்டிக்கொடுக்க முடியாத இழப்பும் உண்டு. திருவிடைவாய்ப் பதிகம் எந்த ஏட்டிலும் இல்லை. ஒரு பாட்டுப் போனால் பதிகம் சொல்லும். பதிகமே போனால் யார் சொல்வது? திருவாரூர் மாவட்டத்து அந்தக் கோயிலின் கல்லில் பதிகம் வெட்டப்பட்டிருந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் படித்தெடுத்து மூன்றாம் திருமுறையோடு சேர்த்தார்கள். ஓலை விட்டதைக் கல் கொடுத்தது.

இனி ஏழாம் பாட்டு. சம்பந்தரின் பெரும்பாலான பதிகங்களுக்கு ஓர் உள்கட்டு உண்டு. எட்டாம் பாட்டில் இராவணன் கயிலையின் கீழ் நசுங்குவான். ஒன்பதில் மாலும் அயனும் தேடி அலைவார்கள். பத்தில் சமணரும் சாக்கியரும் வருவார்கள். பதினொன்று திருக்கடைக்காப்பு; சம்பந்தர் தம் பெயரையும் ஊரையும் சொல்லிப் பலன் கூறுவது. இந்த நான்கும் அசையாத கால்கள். ஏட்டில் பத்தே பாட்டு இருந்து, அவற்றில் இராவணன் இருந்து, மாலயன் இருந்து, சமணர் இருந்து, கடைக்காப்பும் இருந்தால், போனது முதல் ஏழில் ஒன்று. அந்த ஏழுக்குள் எது என்று சொல்ல அடையாளம் இல்லை. இருக்கும் ஆறையும் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், எட்டாமிடத்தில் உறுதியாக நிற்கும் இராவணனுக்கு முன்னால் ஒரு காலியிடம் விழும். அதுதான் ஏழு. போனது மூன்றாவதாகவும் இருந்திருக்கலாம், ஐந்தாவதாகவும் இருந்திருக்கலாம். பதிப்பாசிரியர்கள் இப்படி எண்ணித்தான் அந்த இடத்தை வைத்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அவர்கள் செய்த பெரிய காரியம், பத்துப் பாட்டுக்கு ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு மூடிவிடாமல் விட்டது. இராவணனை ஏழாக்கவில்லை.

திருவாதிரைப் புத்தகத்திலும் அப்படியொரு பதிகம் வந்தது. அச்சகத்துக்குப் போகும் முன் கடைசியாக ஒருமுறை பார்த்த ஐயா அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். “இந்த எடத்துல நாலு வரி அளவு சும்மா விட்டுடுங்க தம்பி” என்றார். விட்டிருக்கிறோம்.